பிறர் அங்கீகாரம்: இல்லாமல் முடியாததா, இருந்தால் நல்லது என்பதா?

#1 கூக்கல்தொரை

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ரிசல்ட் வரப்போகிறது. மே மாதம் வந்தாலே ஸ்டாஃப் ரூமில் இதே வாக்குவாதம். பிள்ளைகளைப் பாராட்டிக்கொண்டே இருந்தால்தான் படிப்பார்கள் என்று ஒரு கட்சி. பாராட்டுக்குப் பழகிய பிள்ளை மலையை விட்டு இறங்கி கோயம்புத்தூர் கல்லூரிக்குப் போனதும் முதல் செமஸ்டரிலேயே உடைந்துவிடும் என்று இன்னொரு கட்சி.

அடுத்தவர் அங்கீகாரம் என்பது மனிதனால் அது இல்லாமல் இருக்கவே முடியாத ஒன்றா, கிடைத்தால் சந்தோஷம் என்கிற அளவில் நிற்பதா? இதற்கு விடை தெரிந்தால்தான் வகுப்பில் எதைச் செய்வது, எதை விடுவது என்று முடிவெடுக்க முடியும். துறை அறிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள். பொத்தாம்பொதுவாக வேண்டாம்.

#2 மன்னவனூர்

ஆசைதான் டீச்சர், சந்தேகமே வேண்டாம்.

சோறு இல்லைன்னா உடம்பு விழுந்துடும். தூக்கம் இல்லைன்னாலும் அப்படித்தான். பாராட்டு கிடைக்கலைன்னு எந்த உறுப்பும் நிக்கிறதில்ல. எங்க பக்கம் மலைப்பூண்டு போடுறவங்களைப் பாருங்க. விதை ஊன்றி, களை எடுத்து, புடுங்கி, புகை போட்டுக் காயவெச்சு, வடுகபட்டிச் சந்தைக்கு இறக்குற வரைக்கும் யாரும் கைதட்டுறதில்ல. வருஷா வருஷம் செய்றாங்க. அங்கீகாரம் தேவைன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிக்கொடுத்தா, அடுத்தவன் வாயைப் பார்த்து வாழக் கத்துக்கொடுக்கிறோம்னுதான் அர்த்தம். ஊர் என்ன சொல்லும்னு பயந்தே பாதி வாழ்க்கை போகுது. அதை மேல ஏத்திவிட வேண்டாம்.

#3 சிம்ஸ்பார்க்

மன்னவனூர் அண்ணா, நீங்கள் வைத்த அளவுகோலையே எடுத்துக்கொள்கிறேன். உளவியலில் ஒன்றைத் 'தேவை' என்று ஒப்புக்கொள்ளச் சில சோதனைகள் உண்டு. அது கிடைக்காதபோது மனம் வருந்தினால் மட்டும் போதாது, உடல்நலமே கெட வேண்டும். எல்லாச் சமூகத்திலும் காணப்பட வேண்டும். 'எனக்கு அது வேண்டாம்' என்று ஒருவர் மனதாரச் சொன்னாலும், கிடைக்காவிட்டால் அவருக்கும் பாதிப்பு வர வேண்டும். எனக்கு மிக உதவியாக இருக்கும் சோதனை இன்னொன்று: போதுமான அளவு கிடைத்ததும் தேடல் தணிய வேண்டும். 1995-இல் ராய் பாமைஸ்டரும் மார்க் லியரியும் இப்படிப்பட்ட சோதனைகளை வைத்துப் பார்த்துத்தான், பிறரோடு சேர்ந்திருப்பது மனிதனின் அடிப்படைத் தேவை என்ற முடிவுக்கு வந்தார்கள். அவர்கள் அந்த இடத்தில் வைத்தது சேர்ந்திருப்பதை. பாராட்டை அல்ல.

நம் விவாதத்தில் இரண்டு சங்கதி ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. 'நீ இங்கே இருப்பது எனக்குத் தெரிகிறது, நீ சொல்வது என் காதில் விழுகிறது' என்று ஒருவர் பதில் தருவது ஒன்று. 'நீ கெட்டிக்காரன்' என்று மதிப்புப் போடுவது வேறொன்று.

முதலாவது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது கைக்குழந்தையிடமே தெரியும். 1978-இல் எட்வர்ட் ட்ரானிக் குழுவினர் வெளியிட்ட ஆய்வு: குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய் இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் அசைவே இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கை நீட்டுகிறது, சத்தம் கொடுக்கிறது. ஒன்றும் பலிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒடுங்கிவிடுகிறது. அந்தக் குழந்தை கேட்டது பாராட்டை அல்ல, பதிலை.

பெரியவர்களும் இதற்கு விலக்கல்ல. கிப்ளிங் வில்லியம்ஸ் கணினியில் ஒரு பந்து விளையாட்டு வைத்தார். தொடக்கத்தில் ஓரிரு முறை பந்து வரும், பிறகு மற்ற இருவரும் தங்களுக்குள்ளேயே வீசிக்கொள்வார்கள். 2000-ஆம் ஆண்டு ஆய்வில் 62 நாடுகளைச் சேர்ந்த 1,486 பேர் கலந்துகொண்டார்கள். முகம் தெரியாதவர்கள், பைசா பெறாத ஆட்டம். அப்படியும் ஒதுக்கப்பட்டவர்களின் மனநிலையும், தானும் இதில் ஒருவர் என்ற உணர்வும் இறங்கின. ஆடுவது வெறும் கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லிச் செய்த 2004 ஆய்விலும் அதே விளைவு. 'பொருட்படுத்தாதே' என்ற அறிவுரை இந்த முதல் அடியைத் தடுப்பதில்லை. அதிலிருந்து மீளும் வேகத்தில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு.

உடம்பு பற்றிக் கேட்டீர்கள். ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் 2010-இல் 148 ஆய்வுகளை, 3,08,849 பேரின் தகவலைத் திரட்டிப் பார்த்தார். உறவுப் பிணைப்பு வலுவாக இருந்தவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருந்த வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதல். இதுவும் உறவைப் பற்றிய கணக்குதான், கைதட்டலைப் பற்றியதல்ல.

பூண்டு விவசாயிக்குக் கைதட்டல் இல்லை என்பது உண்மை. ஆனால் விதைப்பூண்டு கேட்டுப் பக்கத்து வயல்காரர் அவரிடம்தான் வருகிறார். சந்தையில் சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்து விலை சொல்கிறார்கள். வீட்டில் அவருக்காகச் சோறு காத்திருக்கிறது. முதல் வகை அவருக்கு நிறையவே கிடைக்கிறது. அதனால்தான் இரண்டாம் வகை இல்லாமல் அவரால் இருக்க முடிகிறது.

#4 மன்னவனூர்

கடைசிப் பத்தியை ஒத்துக்கிறேன். ஆனா ஒரு கேள்வி. போதுமானது கிடைச்சா தேடல் தணியணும்னு சொன்னீங்க. எவ்வளவு சொன்னாலும் நிறையாம, திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே இருக்கிறவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்களே அக்கா? அங்க உங்க சோதனை தோத்துப்போகுதே.

#5 சிம்ஸ்பார்க்

அங்கே நிறையாமல் போவதற்குக் காரணம், தேவைப்படுவது ஒன்றாகவும் கொடுக்கப்படுவது இன்னொன்றாகவும் இருப்பதுதான்.

தன் மொத்த மதிப்பையும் ஒரே இடத்தில் கட்டி வைத்தவர்களை ஜெனிஃபர் க்ராக்கர் ஆராய்ந்தார். படிப்பில் கட்டியவருக்கு மார்க் ஏறும் நாளில் தன்மதிப்பும் ஏறும், இறங்கும் நாளில் கூடவே இறங்கும். ஏற்றம் தங்காது, அடுத்த தேர்வு வரைதான். இப்படிப்பட்ட பிள்ளையைக் கூடுதலாகப் பாராட்டினால் கட்டு இன்னும் இறுகும்.

தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பவரிடம் பாராட்டு ஒட்டவே ஒட்டாது. வில்லியம் ஸ்வான் காட்டியது இது. 'இவருக்கு என்னைச் சரியாகத் தெரியவில்லை' என்றுதான் உள்ளே ஓடும். தன் தாழ்வான கணிப்பை உறுதி செய்பவரிடமே அவர் ஒதுங்கவும் கூடும். இவர்களிடம் 'நீ சூப்பர்' என்பது வீண். அதற்குப் பதில் அவர் செய்த ஒரு காரியத்தை, மறுக்க முடியாத அளவுக்குத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். 'நேற்று மூன்றாவது கணக்கில் அடைப்புக்குறிக்கு முன்னால் இருந்த மைனஸை நீயே கண்டுபிடித்துத் திருத்தினாய்.' இதை அவரால் தள்ளிவிட முடியாது, கண்முன் நடந்தது.

பதற்றத்தில் கேட்பவர்களும் உண்டு. கதவைப் பூட்டினேனா, அவர் என்மேல் கோபமா, நான் சொன்னது தப்பா. பதில் கிடைத்ததும் பதற்றம் இறங்குகிறது. இறங்கிய நிம்மதியே அடுத்த முறை இன்னும் சீக்கிரம் கேட்க வைக்கிறது. கேட்டுக் கேட்டுச் சுற்றியுள்ளவர்கள் சலித்து விலகுவார்கள். எதற்குப் பயந்தாரோ அதுவே நடந்துவிடும்.

#6 கொழுந்து கணக்கு

தேயிலைத் தோட்டத்து சூப்பர்வைசர், மேஸ்திரிகள் பயிற்சியில் இதே பிரச்சினையைக் கொழுந்து எடை போடும் இடத்தில் வைத்துத்தான் பேசுவோம். வகுப்பறைக்கும் பொருந்தும் என்பதால் எழுதுகிறேன்.

தராசின் எண் கொழுந்து எடுத்தவர் பக்கம் தெரிய வேண்டும். பெயரைச் சொல்லி, கிலோவைச் சத்தமாகச் சொல்லி, அவர் பார்க்கும்போதே நோட்டில் ஏற்ற வேண்டும். ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: 'இருபத்து மூணு, கழிவு ரெண்டு, இருபத்தொண்ணு.' கழிவை மனசுக்குள்ளேயே போட்டு வெறும் இருபத்தொன்றை எழுதினால், எடை சரியாகவே இருந்தாலும் தன்னை ஆளாக மதிக்கவில்லை என்ற கசப்பு வரும். காசு விஷயமாக வரும் சச்சரவுகளில் நிறைய இங்கேதான் தொடங்குகிறது.

தரத்தைப் பற்றி 'இன்னைக்குக் கொழுந்து சரியில்ல' என்றால் எதுவும் திருந்தாது. கூடையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் ஒவ்வொரு கைப்பிடி எடுத்துப் படுதாவில் கொட்டி, இரண்டு இலையும் மொட்டுமாக இருப்பதை ஒரு பக்கம், முற்றின இலையை ஒரு பக்கம் அவரையே பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டையும் நிறுத்துப் பாருங்கள். நல்லது இவ்வளவு, முற்றியது இவ்வளவு என்பதை அவரே வாயால் சொல்வார். அடுத்த சுற்றில் மேஸ்திரி வாயைப் பார்க்க வேண்டியதில்லை, கையில் எடுக்கும்போதே தெரிந்துவிடும்.

'மாதத்தின் சிறந்த தொழிலாளி' பரிசு பல இடங்களில் கெடுதலில் முடிகிறது. கிலோவை வைத்துப் பரிசு என்றால் முற்றின இலையும் கூடைக்குள் வரும். கவாத்து முடிந்து தளிர்த்து வரும் காட்டில் நிற்பவரும் நன்றாக விளைந்த காட்டில் நிற்பவரும் ஒரே அளவு எடுக்க முடியாது. டிசம்பர், ஜனவரி உறைபனியில் கொழுந்து கருகிவிட்டால் அதே கை அதே நேரம் உழைத்தும் கிலோ விழும். அந்த நேரத்தில் பாராட்டை நிறுத்துகிறவர், பனிக்குத் தொழிலாளியைத் தண்டிக்கிறார்.

மன்னவனூர் அண்ணன் 'அடுத்தவன் வாயைப் பார்த்து வாழ' என்று சொன்னதற்கு மட்டும் பதில். தன் முதுகு தனக்குத் தெரியாது. தினமும் தன் தேயிலையையே குடிக்கும் ஃபேக்டரிக்காரரின் நாக்கு அதற்குப் பழகிப்போகும். குன்னூர் ஏலத்துக்கு முன்னால் புரோக்கர் ஊற்றிச் சுவைத்துச் சொல்வதைக் கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லை. பிறர் சொல்வதில் தகவல் இருக்கும்வரை அதைத் தேடுவதில் தவறே கிடையாது.

#7 விடுதி மணி

கொடைக்கானல் பக்கத்திலிருந்து. ஹாஸ்டல் வார்டன்களுக்குப் பயிற்சி தருவது வேலை.

ஜூன்ல கீழ்நாட்டுப் பிள்ளைங்க வந்து சேரும். மழை, பனிமூட்டம், நாலு மணிக்கே இருட்டின மாதிரி ஆகிடும். முதல் சில வாரம் அழுகை இருக்கத்தான் செய்யும். வார்டன்கள் பெரும்பாலும் சொல்றது மூணே வாக்கியம்: 'அழாதே', 'மத்தவங்கல்லாம் இருக்காங்கல்ல', 'ரெண்டு நாள்ல சரியாகிடும்'. மூணும் நல்ல மனசுல வர்றதுதான். மூணும் பிள்ளைக்கு 'உனக்குத் தோணுறது தப்பு'ன்னுதான் போய்ச் சேரும். 2011-ல ஷெங்க், ஃப்ரூஸெட்டி ரெண்டு பேரும் மனக்கணக்குப் போடச் சொல்லி ஒரு சோதனை செஞ்சாங்க. பதற்றப்பட்டவங்ககிட்ட 'இதுக்குப் போயா இப்படி'ங்கிற தோரணையில பேசினப்போ நெஞ்சுத்துடிப்பு கூடுச்சு. 'இது கஷ்டமானதுதான்'னு ஏத்துக்கிட்டுப் பேசினப்போ அப்படி ஏறலை.

உளவியலாளர் மார்ஷா லினஹான் இப்படி ஏத்துக்கிட்டுப் பேசுறதுக்கு ஆறு படி வெச்சிருக்காங்க. ஹாஸ்டலுக்கு ஏத்த மாதிரி சொல்றேன். கையில இருக்கிற வேலையைக் கீழ வெச்சுட்டு, பிள்ளை கண்ணு உயரத்துக்கு உக்காருங்க. அவன் சொன்னதை ஒரு வரியில திருப்பிச் சொல்லி, 'சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா'ன்னு கேளுங்க. மூணாவது, அவன் வாய்விட்டுச் சொல்லாததைக் கேள்வியா வைங்க: 'அம்மா போன் பண்ணாத நாள்ல ரொம்பக் கஷ்டமா இருக்கோ?' நாலாவது, பழைய காரணத்தைச் சேர்க்கிறது: 'இதுவரைக்கும் நீ வீட்டை விட்டுத் தனியா இருந்ததில்லை, அதனாலதான்.' அஞ்சாவது, இப்ப இருக்கிற நிலைமையைச் சேர்க்கிறது: 'புது இடம், குளிரு, சாப்பாடு வேற. யாருக்கும் இப்படித்தான் இருக்கும்.' ஆறாவது, அவனைக் கண்ணாடிப் பாத்திரமா நடத்தாம சமமான மனுஷனா வெச்சுப் பேசுறது.

ரொம்ப ஆபத்து நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுலதான். சீனியர் பையன் தினம் போர்வையைப் பிடுங்குறான்னு வைங்க. அதனால அழுறவன்கிட்ட 'முதல் தடவை வீட்டை விட்டு வந்திருக்கே, அதான்'னு சொன்னா உண்மையான காரணத்தை மூடியாச்சு. அப்புறம் அவன் உங்ககிட்ட வரமாட்டான். எப்பவும் இப்ப நடக்கிறதை முதல்ல விசாரிங்க. அங்க ஒண்ணும் இல்லைன்னாதான் பழசுக்குப் போகணும்.

இன்னொண்ணு, தீர்வை முந்திச் சொல்லாதீங்க. 'ஆமா சார்'னு பிள்ளை சொல்றதோ, தோள் தளர்றதோ, மூச்சு நீளமா வர்றதோ தெரிஞ்ச பிறகு, 'இப்ப என்ன செய்யலாம்'னு அவன்கிட்டயே கேளுங்க.

#8 தூனேரி

அப்போ பையன் ஒருத்தனை அடிச்சுட்டு வந்தாலும் 'உன் நிலைமையில சரிதான்'னு சொல்லணுமா?

#9 விடுதி மணி

இல்லைங்க. உணர்ச்சியை ஏத்துக்கிறது வேற, செஞ்சதை ஏத்துக்கிறது வேற. 'உன் அம்மாவைப் பத்திப் பேசினான், உனக்குக் கோபம் வந்துச்சு. வரத்தான் செய்யும். அடிச்சது தப்பு. அதுக்கான தண்டனை உண்டு.' ரெண்டு பகுதியும் முழுசா இருக்கணும். நடுவுல 'ஆனா' போடாதீங்க. 'ஆனா' வந்த உடனே முன்னால சொன்னது முழுக்க அழிஞ்சுபோகும்.

உண்மையில்லாததையும் ஏத்துக்கக் கூடாது. 'எல்லாருக்கும் என்னைப் பிடிக்காது'ன்னா, 'ஆமா'ன்னும் சொல்லாதீங்க, 'அதெல்லாம் இல்லை'ன்னும் சொல்லாதீங்க. 'இன்னைக்கு யாருமே பேசாத மாதிரி இருந்துச்சா?'ன்னு கேட்டா போதும்.

#10 கூக்கல்தொரை

மிக உபயோகமாக இருக்கிறது. பாராட்டுக்கு வருகிறேன். அது ஆசைதான் என்று வைத்துக்கொண்டால், மொத்தமாக நிறுத்திவிடலாமா? ரிசல்ட் வந்ததும் ஃப்ளெக்ஸ், கேடயம், மேடை எல்லாம் உண்டு எங்கள் பக்கம்.

#11 சிம்ஸ்பார்க்

நிறுத்த வேண்டாம் டீச்சர். எந்த விதமான பாராட்டு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் வரைவதில் ஆர்வமுள்ள 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளிடம் செய்தது: ஒரு குழுவிடம் 'வரைந்தால் சான்றிதழ் உண்டு' என்று முன்பே சொன்னார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாதபோது, அந்தக் குழு வரைந்த நேரம் மற்றவர்களில் சுமார் பாதிதான். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. கெடுத்தது முன்கூட்டியே போட்ட பேரம்.

1999-இல் டெசியும் ரயனும் கோஸ்ட்னரும் 128 சோதனைகளைத் தொகுத்தபோது, வாய்ச்சொல்லால் தரும் பாராட்டு பொதுவாக ஆர்வத்தைக் கூட்டியது, சிறு பிள்ளைகளிடம் அந்தப் பலன் குறைவு. 'நான் எதிர்பார்த்தபடியே செய்தாய்' என்று கட்டுப்படுத்தும் தொனி வந்தால் அதுவும் போய்விடும்.

1998-இல் முல்லரும் ட்வெக்கும் காட்டியது பலருக்கும் தெரிந்திருக்கும். 'புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், கடினமான புதிரில் தோற்றதும் சீக்கிரம் கைவிட்டார்கள். 'நன்றாக முயன்றாய்' என்று கேட்டவர்கள் தொடர்ந்தார்கள். இதிலும் ஒரு பிசகு நடக்கிறது: முயலாத பிள்ளையிடமும் 'நல்ல முயற்சி' என்பது. பிள்ளைகளுக்கு அது பொய் என்று தெரியும். மிகைப்பாராட்டும் அப்படித்தான். தன்மதிப்புக் குறைந்த பிள்ளைகள் மிகையான புகழ்ச்சிக்குப் பிறகு கடினமானதைத் தொடாமல் ஒதுங்குகிறார்கள் என்று ப்ரம்மல்மான் 2014-இல் காட்டினார். அந்த உயரத்தை மறுபடி எட்ட முடியுமா என்ற பயம்.

ஃப்ளெக்ஸ் என் மனதுக்கு ஒப்பவில்லை. அதில் இருப்பவருக்கு அடுத்த வருடம் வரை பாரம், இல்லாதவருக்குத் தினமும் வாசலில் ஒரு நினைவூட்டல்.

#12 கொழுந்து கணக்கு

போனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2009-இல் ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்ததிலிருந்து இரண்டாம் வகைக்கு எண்ணிக்கை கிடைத்துவிட்டது, முதல் வகை கிடைத்த மாதிரி ஒரு தோற்றமும் கூடவே வந்துவிட்டது. இன்ஸ்டாகிராமில் லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதி 2021-இலிருந்தே உண்டு. மற்றவர் பதிவுகளுக்குச் செட்டிங்ஸில் ஒன்று, நம் பதிவுக்கு அந்தந்தப் பதிவிலேயே தனியாக ஒன்று, இரண்டையும் அமைக்க வேண்டும். நோட்டிஃபிகேஷனையும் நிறுத்தினால்தான் பலன்.

#13 தூனேரி

ஒவ்வொரு கணக்குக்கும் நோட்டைத் தூக்கிக்கிட்டு 'சரியா மிஸ்'னு வர்ற பிள்ளையை என்ன செய்யறது? திருப்பி அனுப்பினா முகம் வாடிப்போகுது.

#14 சிம்ஸ்பார்க்

திடீரென்று நிறுத்தக் கூடாது. முதலில் அந்தப் பிள்ளைக்கு முதல் வகை நிறையக் கிடைக்க வழி செய்யுங்கள். வகுப்புக்குள் வரும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவது, நேற்று வராததைக் கேட்பது. கணக்கோடு சம்பந்தமே இருக்கக் கூடாது.

பிறகு நோட்டில் ஓரமாகக் கோடு போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் 'சரி', 'தப்பு', 'சந்தேகம்' மூன்றில் ஒன்றைத் தானே எழுத வேண்டும், எப்படிச் சரிபார்த்தான் என்பதையும் ஒரு வரி. முதல் வாரம் 3 கணக்குக்கு ஒருமுறை காட்டலாம், அடுத்த வாரம் 5, பிறகு பயிற்சி முழுவதும் முடிந்து ஒருமுறை. நீங்கள் திருத்த வேண்டியது விடையை மட்டும் அல்ல, அவன் கணிப்பையும். 'பத்தில் எட்டுக்கு நீ சொன்னதே சரி' என்பதுதான் அவனுக்கு வேண்டிய செய்தி.

இடையில் கேட்டால், 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று ஒருமுறை கேட்டு, முகத்தில் சிரிப்போடு நகர்ந்துவிடுங்கள். இரண்டாம் வாரத்தில் பதற்றம் கூடுவது போலத் தெரியும். அங்கே இரக்கப்பட்டு விடை சொல்லிவிட்டால், விடாமல் கேட்டால் கிடைக்கும் என்று படிந்துவிடும், பிறகு குறைப்பது இன்னும் கடினம்.

#15 மன்னவனூர்

தேவைன்னு ஒத்துக்கிறேன். ஆனா ஊர் முழுக்கத் தேவையில்லை. கவனிக்க ரெண்டு மூணு பேர் இருந்தா ஒரு மனுஷனுக்குப் போதும்.

#16 சிம்ஸ்பார்க்

பாமைஸ்டரும் லியரியும் அதையேதான் சொல்கிறார்கள் அண்ணா. சிலர் போதும். ஆனால் அந்த உறவு நீடிக்க வேண்டும், அடிக்கடி பார்த்துப் பேச வேண்டும், இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு அக்கறை வேண்டும்.

#17 கூக்கல்தொரை

அப்படியானால் ரிசல்ட் நாளுக்கு: பிள்ளைகள் காலையிலேயே போனில் பார்த்துவிடுவார்கள். பாடம் போனவர்களை அன்றே அழைத்துப் பேசலாம் என்று நினைக்கிறேன். என்ன சொல்வது, யார் சொல்வது?

#18 விடுதி மணி

முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள கூப்பிடுங்க டீச்சர். 'பரவாயில்ல'ன்னு ஆரம்பிக்காதீங்க. 'ரிசல்ட் பாத்தேன். உன்கிட்ட பேசணும்னு தோணுச்சு'ன்னு சொல்லிட்டுப் பேசாம இருங்க. அழுதா அழட்டும். துணைத் தேர்வு பத்தி அவனா கேக்குற வரைக்கும் பேசாதீங்க, கேக்கலைன்னா கடைசியில ஒரே வரியில மட்டும் சொல்லுங்க. சிக்னல் இல்லாத ஊருன்னா ஆளை நேர்ல அனுப்புங்க.

'இருந்து என்ன பிரயோஜனம்'ங்கிற மாதிரி பேச்சு வந்தா, சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க. கேக்குறதால அந்த நினைப்பு புதுசா வந்துடாது. தனியா விடாதீங்கன்னு வீட்டுல சொல்லுங்க. தோட்டத்து வீடுகள்ல பூச்சிமருந்து இருக்கும், அதை அன்னைக்கே வேற வீட்டுக்கு மாத்திடச் சொல்லுங்க. அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இருபத்து நாலு மணி நேரமும் தமிழ்ல பேசலாம்.

யார் பேசணும்னா, ஹெச்.எம். வேண்டாம், வகுப்பாசிரியராவும் இருக்கணும்னு இல்லை. அந்தப் பிள்ளை யாருகிட்ட பேசுமோ அவர். பி.டி. மாஸ்டரா இருந்தாலும் சரி, சத்துணவு அக்காவா இருந்தாலும் சரி. நாளைக்கே ஸ்டாஃப் ரூம்ல பெயர்ப்பட்டியலை வெச்சு, ஒவ்வொரு பேருக்கு எதிர்லயும் ஒருத்தர் பேரை எழுதுங்க. எதிர்ல எழுத ஆள் கிடைக்காத பேர் சிலது மிஞ்சும். ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்காம, அந்தப் பிள்ளைங்களை இந்த வாரமே கூப்பிட்டுப் பேசிடுங்க.